ரென்விக் அம்மாளின் இரண்டு காற்புள்ளிகள்

ஜூன் 10, திங்கள்

நாள் முழுவதும் அடுத்தவர்களுடைய ஆங்கிலத்தைத் திருத்திவிட்டு வீட்டுக்கு வருகிறேன். இதையாவது தமிழில் எழுதுவோம். யாரும் திருத்த வரமாட்டார்கள்.

மேகலா திரும்பி வந்துவிட்டாள். காலையில் எங்கள் மேலாளர் ஜனார்த்தனன் சார் அவளை அழைத்து வந்து, எனக்கு அடுத்த நாற்காலியைக் காட்டி, "விக்டோரின் மேடம், இவங்கள உங்களுக்கு அறிமுகம் பண்ண வேண்டியதில்ல" என்றார். வேண்டியதில்லைதான். இந்த அலுவலகத்தில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். இங்கிலாந்துப் பதிப்பகங்கள் அனுப்பும் புத்தகங்களைப் புதுச்சேரியில் உட்கார்ந்து பிழை பார்த்து, பக்கம் கோத்து, அச்சுக்கு அனுப்பும் வேலை. யாருடைய கண் கூர்மை என்று பேச்சு வந்தால் முதலில் மேகலா என்பார்கள், அடுத்தது விக்டோரின் என்பார்கள். பிறகு அவள் கணவரோடு கோயம்புத்தூர் போனாள். அதன் பிறகு விக்டோரின் மட்டும்தான்.

அவள் கணவர் போன வருடம் தவறிவிட்டாராம். மாரடைப்பு. எனக்கு யாரும் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப இளைத்துவிட்டாள். ஆனால் அந்தப் பருத்திப் புடவை மடிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. காலையில் கட்டியது மாலையிலும் கலையவில்லை. பேருந்தில்தானே அவளும் வருகிறாள்?

ஜூன் 19, புதன்

புதுப் புத்தகம். பல வருடங்களுக்குப் பிறகு எனக்கே படிக்க ஆசை வந்த புத்தகம். ஆங்கில எழுத்துக்கும் நிறுத்தற்குறிகளுக்கும் நேர்ந்த கதைகள். எழுதியவர் எல்ஸ்பெத் ரென்விக் என்ற ஸ்காட்லாந்து அம்மாள், எண்பதைத் தாண்டியவர், பழைய கல்லூரிப் பேராசிரியர்.

முதல் பாதி எனக்கு, இரண்டாம் பாதி மேகலாவுக்கு. ஒருவர் திருத்தியதை மற்றவர் கடைசியில் ஒருமுறை முழுக்கப் படித்துச் சரி சொல்ல வேண்டும். இது எங்கள் அலுவலக வழக்கம்.

பேய் என்ற பொருளில் வரும் 'கோஸ்ட்' என்ற சொல்லில் ஒரு 'எச்' சும்மா உட்கார்ந்திருக்கிறதே, அது எப்படி வந்தது தெரியுமா? ஆரம்பக் காலத்தில் லண்டனில் அச்சுக் கோத்தவர்களில் சிலர் கடல் தாண்டி வந்த பிளெமிஷ்காரர்கள். தங்கள் ஊர் வழக்கப்படி ஒரு எழுத்தைச் செருகிவிட்டார்கள். யாரும் எடுக்கவில்லை. கடன் என்று பொருள்படும் 'டெட்' என்ற சொல்லில் யாரும் உச்சரிக்காத ஒரு 'பி' இருக்கிறது. அது லத்தீன் படித்த பண்டிதர்கள், இந்தச் சொல்லுக்கு லத்தீன் பரம்பரை உண்டு என்று காட்டுவதற்காக வைத்தது. படித்துவிட்டுச் சிரித்தேன்.

"என்னாடி, தனியா சிரிக்கிற?" என்றாள் மேகலா. சொன்னேன். அவளும் சிரித்தாள். பழைய நாள் மாதிரி இருந்தது.

ஜூலை 3, புதன்

புத்தகத்தில் எழுந்த சந்தேகங்களை ரென்விக் அம்மாளுக்கு அனுப்பினோம். எனக்கு வந்த பதில்கள்: "ஆம்." "சரி." "உங்கள் விருப்பம்." ஒன்றில் "நன்றி" இருந்தது.

மேகலாவுக்கு மூன்று பக்கம் வந்திருக்கிறது.

ஜூலை 5, வெள்ளி

அந்த மூன்று பக்கத்தை மேகலா அவளாகவே எனக்குக் காட்டினாள். நான் கேட்கவில்லை. லண்டன் அச்சுக்காரர் ஒருவர் நானூறு வருடத்துக்கு முன்னால், பதிலை எதிர்பார்க்காத கேள்விகளுக்கென்று தனி அடையாளம் ஒன்று வைத்திருந்தாராம். கேள்விக்குறியைக் கண்ணாடியில் பார்த்தது போலத் திருப்பிப் போட்ட குறி. கொஞ்ச காலத்திலேயே வழக்கொழிந்துவிட்டது. "எங்கள் வீட்டில் மட்டும் அது வழக்கொழிந்திருக்கக் கூடாது. என் கணவர் ஹியூ கேட்ட கேள்விகள் எல்லாம் அந்த வகைதான்" என்று எழுதியிருக்கிறார்.

அதற்கு மேகலா பதில் எழுதிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம்! அலுவலக நேரத்தில்!

நான் எழுதிய சந்தேகங்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. பக்க எண், வரி எண், கேள்வி, என் பரிந்துரை. பதிப்பகத்தின் கையேட்டில் இப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கிறது. மேகலா கேள்விக்கு மேலே "நலமாக இருக்கிறீர்களா" என்று ஆரம்பிக்கிறாள். கையேட்டில் இதெல்லாம் கிடையாது.

ஜூலை 18, வியாழன்

இன்று நடந்ததைப் பொறுமையாக எழுத வேண்டும்.

ரென்விக் அம்மாள் தன் புத்தகத்தில் ஒரு இடத்தில், பழைய ஆங்கிலப் பள்ளி இலக்கணங்களைப் பற்றிச் சொல்கிறார். கமா வந்தால் ஒன்று எண்ணும் நேரம் நிறுத்து, செமிகோலனுக்கு இரண்டு, கோலனுக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு. பிள்ளைகளுக்கு இப்படித்தான் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்களாம்.

மேகலா அவருக்கு எழுதியிருக்கிறாள்: தமிழில் இந்தக் குறிகளின் பெயரே அந்தக் கணக்குதான். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. கால், அரை, முக்கால், ஒன்று. ஓலைச்சுவடியில் இந்தக் குறிகள் கிடையாது, அச்சோடு வந்தவை, பெயர் வைத்தபோது பின்னமாக வைத்துவிட்டோம் என்று.

அந்த அம்மாள் துள்ளிக் குதித்திருக்கிறார். ஐம்பது வருடமாக இதைப் படிக்கிறேன், யாரும் எனக்குச் சொல்லவில்லை என்கிறார். புத்தகத்தில் அடிக்குறிப்பாகச் சேர்க்கிறார். மேகலாவின் பெயரோடு.

மதியம் ஜனார்த்தனன் சார் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். கைதட்டினோம். நானும் தட்டினேன்.

காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் ஆறாம் வகுப்பில் படித்தது. எனக்குத் தெரியாதா? தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எந்தக் குழந்தைக்குத் தெரியாது? அந்த அத்தியாயம் முதல் பாதியில் இருந்தது. என் பாதி. நான் திருத்திய பக்கத்தின் அடியில் அவள் பெயர்.

ஜூலை 21, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போய்வந்து வஞ்சிரம் வாங்கினோம். வறுக்கும்போது அடிக்குறிப்பு விஷயத்தை என் கணவர் அந்துவானிடம் சொன்னேன். இவர் மின்துறையில் லைன் இன்ஸ்பெக்டர். கமாவுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.

முழுவதும் கேட்டுவிட்டு, "பொறாமையா இருக்காடி?" என்றார்.

"எனக்கு என்னத்துக்கு? புருஷன் போயி ஒத்தையா நிக்கிறா. அவமேல போயி."

"அதான் கேக்குறேன்."

"நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? என்னோட அத்தியாயம் அது."

இவர் மீனைத் திருப்பிப் போட்டார். ஒரு பக்கம் கருகியிருந்தது. பேச்சில் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஜனார்த்தனன் சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். வருகிற வருடத்திலிருந்து முதல் கட்டத் திருத்தத்தை மென்பொருள் செய்யும். மனிதர் ஒருமுறை மேற்பார்வை பார்த்தால் போதும். எங்கள் பிரிவில் இனி மூத்தவர்கள் இருவர் இருக்கப்போவதில்லை. ஒருவர்.

"இப்பவே யாரும் கவலப்பட வேணாம். ரென்விக் புக் நல்லபடியா முடியட்டும்" என்றார்.

வெளியே வந்ததும் மேகலா, "டீ குடிக்கலாமா?" என்றாள். குடித்தோம். அவள் மகன் இந்த வருடம் கல்லூரி சேர்ந்திருக்கிறான். என் மகள் ரெஜினா பத்தாம் வகுப்பு. இருவருமே அதைப் பற்றித்தான் பேசினோம், மற்றதைப் பேசவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

ரென்விக் அம்மாளுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். கையேட்டை மீறி, ஒரு சுவையான செய்தியோடு. ஆங்கிலப் பிள்ளைகள் ஒரு காலத்தில் அகரவரிசையின் கடைசியில் 'அண்ட்' என்பதற்கான 'ஆம்பர்சண்ட்' (&) குறியையும் இருபத்தேழாம் எழுத்தாகச் சொல்லி முடிப்பார்கள், 'அண்ட் பெர் ஸே அண்ட்' என்று அவசரமாகச் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் வந்தது என்று எங்கோ படித்திருந்தேன். அதைச் சேர்க்கலாமே என்று எழுதினேன்.

பதில்: "நன்றி. ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிறது."

ஒன்பது மேகலாவின் பாதி. நான் இன்னும் படிக்கவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

மேகலாவின் அத்தியாயங்களைக் கடைசியாகப் படித்துச் சரி சொல்லும் வேலை. காலையிலிருந்து படித்தேன். நல்ல வேலை. நல்ல வேலை என்று எழுதுவதில் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை.

கடைசி அத்தியாயத்தில் ரென்விக் அம்மாள் தன் கணவரைப் பற்றி எழுதுகிறார். மார்ச் மாதத்தில் இறந்துவிட்டார். வாழ்நாளில் அவர் எழுதிய எந்தக் கடிதத்திலும் ஒரு கமாகூட வைத்தது இல்லையாம். ஆங்கிலத்தில் இதெல்லாம் ஒரே வாக்கியம், அந்தப் பத்தியின் முதல் வாக்கியம்.

ஆங்கிலத்தில் 'மார்ச்சில் இறந்த' என்ற பகுதிக்கு முன்னும் பின்னும் காற்புள்ளி வர வேண்டும். வந்தால், கணவர் ஒரே ஒருவர், அவர் மார்ச்சில் இறந்தார் என்பது கூடுதல் தகவல். இரண்டு காற்புள்ளியும் இல்லாவிட்டால், இருக்கிற பல கணவர்களில் மார்ச்சில் இறந்தவர் எவரோ அவர் என்று ஆகிவிடும்.

பக்கத்தில் இரண்டு காற்புள்ளியும் இல்லை. மூலப் பிரதியைத் திறந்து பார்த்தேன். அதில் இருக்கின்றன. கோப்பைச் சுத்தம் செய்யும் மென்பொருள் சில நேரம் இப்படித் தின்றுவிடும். மேகலா கவனிக்கவில்லை.

மாலை ரெஜினாவுக்குக் காய்ச்சல். கசாயம் வைத்தேன்.

செப்டம்பர் 18, புதன்

யோசித்துப் பார்த்தால் இதைப் பிடிக்க மூன்று பேர் இருக்கிறார்கள். திருத்திய மேகலா. நடுவில் நான். கடைசியில் மெய்ப்பு பார்க்கப்போகும் ஆசிரியர். ஆசிரியருக்குத் தன் கணவரைப் பற்றிய வாக்கியம் கண்ணில் படாதா? என் திருத்தக்குறி அவசியமே இல்லை. தவிர, என் திருத்தங்களைப் பார்த்து மேகலா மனம் சங்கடப்படலாம். இப்போதுதான் கஷ்டத்திலிருந்து எழுந்து வந்திருக்கிறாள்.

ரெஜினாவுக்குக் காய்ச்சல் குறைந்துவிட்டது.

செப்டம்பர் 20, வெள்ளி

அத்தியாயங்களைச் சரி சொல்லி அனுப்பிவிட்டேன். சின்னச் சின்னதாகச் சில திருத்தங்கள் சொன்னேன். மேகலா எட்டிப் பார்த்து, "அவ்ளோதானா? உன்கிட்ட பாஸாயிட்டேனா?" என்றாள்.

"பாஸ்தான்" என்றேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

ஆசிரியர் மெய்ப்பு பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அச்சுக்குப் போகிறது. கடைசி அத்தியாயத்தில் அவர் ஒரு திருத்தமும் சொல்லவில்லையாம். ஜனார்த்தனன் சார் அதைப் பெருமையாகச் சொன்னார்.

டிசம்பர் 1, ஞாயிறு

புயல். நேற்றிலிருந்து மின்சாரம் இல்லை. தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர். அந்துவான் நேற்றுக் காலை வேலைக்குப் போனவர் இன்னும் வரவில்லை. ஊரெல்லாம் கம்பி அறுந்து கிடக்கிறது. இவர்தான் தண்ணீரில் நின்றுகொண்டு அதைப் பார்க்க வேண்டும். கைபேசியில் சார்ஜ் இல்லை.

ரெஜினா ஜன்னலிலேயே நிற்கிறாள். நானும் நிற்கிறேன். எனக்கு அந்த ஆங்கில வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. என் கணவர். அதற்கு மேல் போகக் கூடாது என்று நிறுத்துகிறேன்.

சாயங்காலம் வந்துவிட்டார். உடம்பெல்லாம் சேறு. "இன்னாடி, செத்துட்டேன்னு நெனச்சியா?" என்று சிரித்தார். வாயிலேயே அடித்தேன். பிறகு சோறு போட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

புத்தகம் வந்துவிட்டது. கெட்டி அட்டை, நீல நிறம். நன்றியுரையில் மேகலாவைப் பற்றி முழுப் பத்தி. "நான் பார்த்திராத தோழி" என்கிறார். அதன் கடைசியில் "கவனமாகப் பணிசெய்த வி. அவர்களுக்கும்." வி. என் முழுப்பெயர் எழுத இடமில்லை போலிருக்கிறது.

மேகலா தன் பிரதியை என்னிடம் நீட்டி, "மொத கையெழுத்து நீ போடு. நம்ம ரெண்டு பேரோட புக் இது" என்றாள். போட்டேன். கடைசி அத்தியாயத்தை நான் திறக்கவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

லண்டன் பத்திரிகை ஒன்றில் மதிப்புரை. புத்தகத்தை ஏகமாகப் புகழ்ந்துவிட்டு, முடிவில் ஒரு நையாண்டி: நிறுத்தற்குறிகளுக்கு வாழ்க்கையை அர்ப்பணித்த பேராசிரியர் தன் மற்ற கணவர்களை ஏன் நம்மிடமிருந்து மறைத்துவிட்டார்? மார்ச்சில் இறந்தவரைப் பற்றி மட்டும் சொல்கிறாரே, ஏனையோர் நலம்தானா?

இணையம் முழுக்க அதை எடுத்துப் போட்டுச் சிரிக்கிறார்கள்.

மேகலா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். யாரோ அறைந்தது போல முகம். "அந்த அம்மா படிச்சிருப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பிப்ரவரி 5, புதன்

பதிப்பகத்திலிருந்து கடுமையான கடிதம். ஜனார்த்தனன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், கடைசியா படிச்சது நீங்க. நீங்க எப்பிடி விட்டீங்க?"

"எனக்கு வந்தப்ப ரெண்டு கமாவும் இருந்துச்சு சார்."

"அப்பறம் எப்படி போச்சு?"

"கடைசித் திருத்தம் எல்லாம் மேகலா டேபிள்லதான சார் நடந்துச்சு."

அவர் தலையை ஆட்டினார். "உங்க கண்ணுக்குத் தப்பாதுன்னு எனக்கும் தெரியும். சரி, நான் பாத்துக்கிறேன்."

கடைசித் திருத்தம் மேகலாவின் மேசையில்தான் நடந்தது. இது பொய் இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

முடிவு சொல்லிவிட்டார்கள். இருக்கப்போகும் ஒருவர் நான்.

வீட்டில் சொன்னதும் ரெஜினா கட்டிப்பிடித்துக்கொண்டாள். அந்துவான் பிரியாணி வாங்கிவந்தார். பாதி சாப்பிட்டேன். பிரியாணியில் உப்பு அதிகம் என்று சொன்னேன். அவர்கள் இருவருக்கும் சரியாக இருந்ததாம்.

பிப்ரவரி 28, வெள்ளி

மேகலாவின் கடைசி நாள். கேக் வெட்டினார்கள். பிறகு அவள் என் மேசைக்கு வந்து, "கேண்டீன் வரைக்கும் வரியா?" என்றாள்.

கூட்டம் இல்லை. காபியை வாங்கி வைத்துக்கொண்டு அவள் பேசினாள். சத்தம் போடவில்லை. அவள் சொன்னதை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். மறக்காது என்று இப்போது தெரிகிறது.

"விக்டி, அந்தக் கடைசி அத்தியாயத்த நான் ஒரு தடவதான் படிச்சேன். மூலத்துல. அப்ப கமா சரியா இருந்துச்சு. அதுக்கப்பறம் அந்தப் பத்தி வந்தாலே என்னால முடியாது. என் வீட்டுக்காரரும் ஒரு மாசத்துல இருந்தாரு, அடுத்த மாசத்துல இல்ல. கண்ண ஓட்டிட்டு அடுத்த பக்கம் போயிடுவேன். தப்பு என்னோடதுதான், நான் இல்லங்கல."

நான் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"அந்த அம்மாவும் அப்படித்தானாம். நேத்து எழுதியிருந்தாங்க. மெய்ப்பு வந்தப்ப அந்தப் பக்கத்த மட்டும் படிக்காம புரட்டிட்டாங்களாம். அங்க ரெண்டு பேரு இருக்காங்க, பாத்துக்குவாங்கன்னு நெனச்சாங்களாம்."

காபியை ஒரு வாய் குடித்தாள்.

"அந்த வாக்கியத்த கண்ணத் தொறந்து முழுசா படிச்சது ஒலகத்துலயே நீ ஒருத்திதான்."

"எனக்கு வந்தப்ப கமா..."

"வேணாம் விக்டி. எனக்கு யாரும் எதுவும் சொல்லல. நான் எந்த ஃபைலையும் தொறந்து பாக்கல. உன்னத் தெரியும், அவ்ளோதான். ரெண்டு சொல்லுக்கு நடுவுல ஒரு இடைவெளி கூடிப்போனாக்கூட நீ புடிச்சிடுவ. உன் கண்ணுல அது படலன்னு நீயே சொன்னாலும் நான் நம்பமாட்டேன்."

எழுந்து, இரண்டு கோப்பையையும் கொண்டுபோய் வைத்துவிட்டு, போய்விட்டாள். புடவை மடிப்பு கலைந்திருந்தது. நான் அதைக் கவனித்தேன்.

மார்ச் 1, சனி

துணி துவைத்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பாவத்தோடு வாங்கக் கூடாது என்று நற்கருணை அப்பம் வாங்கவில்லை. அந்துவான் திரும்பிப் பார்த்தார், கேட்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

பக்கத்து நாற்காலியில் மென்பொருள் ஓடும் கணினியை வைத்திருக்கிறார்கள். அது திருத்திக்கொண்டே போகிறது. ஒரு சந்தேகமும் கேட்பதில்லை.

மதியம் ஜனார்த்தனன் சாரிடம் போனேன். உட்காரவில்லை. "சார், அந்தக் கமா எனக்கு வந்தப்பவே இல்ல. பாத்தேன். பாத்துட்டு விட்டேன். உங்ககிட்ட சொன்னது பொய்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பேனாவை மூடினார்.

"ஏன் மேடம்?"

நான் அவர் மேசையில் இருந்த நீல அட்டையைப் பார்த்தேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மேல எல்லாம் முடிவாயிடுச்சு. அவங்கள திரும்ப எடுக்கச் சொன்னா, எதுக்குன்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்வேன்?"

"நான் பண்ணதுன்னு சொல்லுங்க சார்."

"சொன்னா ரெண்டு பேரும் இருக்கமாட்டீங்க. அந்த மெஷினும் நானுந்தான் இருப்போம்." பேனாவை மறுபடி திறந்தார். "இருந்தாலும் எழுதுறேன். அவங்க பேர்ல அந்தப் பழி இருக்க வேணாம். உங்களுக்கு என்ன வருதோ, வரட்டும்."

"சரி சார்."

ரெஜினாவுக்குப் பரீட்சை நெருங்குகிறது. எரிவாயு உருளை பதிய வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

அந்துவானிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். இவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "போன ஆடியிலேயே கேட்டேன்ல" என்றார். பிறகு, "வேல போனா போவட்டும், பாத்துக்கலாம். ஆனா அவங்க ரெண்டு பேரையும் நீ பாத்து ஆவணும்" என்றார்.

ரென்விக் அம்மாளைப் பார்க்க முடியாது. எழுதினேன். பக்க எண் போடவில்லை, வரி எண் போடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினேன். உங்கள் கணவரைப் பற்றிய வாக்கியத்தை நான் படித்தேன், அது தவறாக இருப்பது தெரிந்தது, நீங்கள் மேகலாவுக்கு எழுதியது போல எனக்கு எழுதவில்லை என்பதால் அதை அப்படியே விட்டேன். இதை ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிட்டு ஒருமுறை படித்தேன். பிழை எதுவும் இல்லை. அனுப்பினேன்.

மார்ச் 11, செவ்வாய்

பதில் வந்தது. இரண்டே வரி.

"இரண்டாம் பதிப்பில் திருத்தியாகிவிட்டது. இது போன்ற ஒரு கடிதத்தை நீங்கள் முன்பே எனக்கு எழுதியிருக்கலாம், எதைப் பற்றியாவது."

மார்ச் 14, வெள்ளி

மேலிடத்திலிருந்து எனக்கு எச்சரிக்கைக் கடிதம். சம்பள உயர்வு இந்த வருடம் இல்லை. மேகலாவின் பேரில் குற்றமில்லை என்று பதிப்பகத்துக்கு எழுதிவிட்டார்கள். திரும்ப வரச் சொல்லி அவளை அழைத்திருக்கிறார்கள், பகுதிநேர வேலைக்கு. அவள் வேண்டாம் என்றுவிட்டாளாம்.

மார்ச் 16, ஞாயிறு

முத்தியால்பேட்டையில் மேகலா வீட்டுக்குப் போனேன். அந்துவான் வண்டியில் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, "நீயே போ" என்றார்.

அவள் கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"ஜனா சார்கிட்ட சொல்லிட்டேன். ரென்விக் அம்மாவுக்கும் எழுதிட்டேன். உன்கிட்டதான் இன்னும் சொல்லல. நான் பாத்தேன் மேகலா. தெரிஞ்சேதான் விட்டேன்."

"தெரியும்."

"மன்னிச்சுக்கோன்னு கேக்க வந்தேன்."

"கேட்டுட்டேல்ல?" என்றாள். கதவை இன்னும் அகலமாகத் திறந்து, "மன்னிக்கிறதுக்கு இன்னும் நாளாவும். வெயில்ல நிக்காத, உள்ள வா" என்றாள்.

கூடத்தில் சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்கள். பென்சில் குறிகள். தலைப்பைப் படித்துவிட்டேன். என் கண் அப்படித்தான், எதையும் விடாது. ரென்விக் அம்மாளின் அடுத்த புத்தகம். பதிப்பகம், அலுவலகம் எதுவும் நடுவில் இல்லாமல், அந்த அம்மாள் நேராக அவளுக்கே அனுப்பியிருக்கிறார். முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில் அவருடைய கையால் நீளமாக ஏதோ எழுதியிருந்தது. அன்புள்ள மேகலா என்று தொடங்குகிறது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. படிக்காமல் இருப்பதற்கு ரொம்பப் பாடுபட்டேன்.

மன்னிப்புக் கேட்க வந்த வீட்டில், அந்த மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, எனக்கு வயிறு எரிந்தது. கேட்டு முடித்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

மேகலா தண்ணீர்ச் செம்போடு வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். மறுபடி என் முகத்தைப் பார்த்தாள்.

"அடிப்பாவி," என்றாள். "இன்னுமா? இப்பக்கூடப் பொறாமையா இருக்கா உனக்கு?"

"ஆமா" என்றேன்.

அவள் செம்பை என் கையில் கொடுத்துவிட்டு, மேசைப் பக்கத்து நாற்காலி ஒன்றில் இருந்த தாள்களை எடுத்துக் கீழே வைத்தாள். நான் உட்கார்ந்தேன்.